மகன் கூப்பிடுகிற கிராஃப்ட் பீர் பாருக்கு அப்பா போகலாமா?

பாளையங்கோட்டை அண்ணாச்சி ஒருவரின் கேள்வி இது. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மகன் பெங்களூரு இந்திராநகரில் குடியிருக்கிறான். அடுத்த மாதம் அப்பா வந்ததும் தெருமுனையில் இருக்கும் கிராஃப்ட் பீர் பாருக்குக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறான். இவர் வாழ்நாளில் மொத்தம் நாலைந்து பாட்டில் பீர் குடித்திருப்பார். எல்லாமே கசப்பு, மறுநாள் தலைவலி. "அங்கே போய் என்ன கேட்டு வாங்க? டாஸ்மாக்கில் விற்கிறதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்? பையன் முன்னால் திருதிருவென்று முழிக்கக் கூடாது. நம்ம ஊரில் ஏன் அந்த மாதிரி ஒன்று இல்லை?" இவ்வளவும் கேட்டிருக்கிறார்.

போயிட்டு வாங்க அண்ணாச்சி. நான் அம்பாசமுத்திரத்துக்காரன். பெங்களூரில் பீர் காய்ச்சும் இடங்களில் தரம் பார்க்கிற வேலையில் பதினோரு வருசம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். குடிக்கச் சொல்லி யாரையும் நான் வற்புறுத்துவதில்லை. சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுக்கிறீர்கள் என்றால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். அவர் வேண்டாம் என்றால் எலுமிச்சை சோடா வாங்கிக்கொண்டு மகனோடு உட்கார்ந்திருங்கள். யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். அந்த மாதிரிக் கடைகளுக்குப் பாதிப் பேர் பேசத்தான் வருகிறார்கள்.

பார் என்றதும் நமக்கு மனதில் வருவது டாஸ்மாக் பக்கத்துக் கொட்டகை: தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் டம்ளர், ஊறுகாய்ப் பொட்டலம், நின்றபடியே ஊற்றிவிட்டுத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு போகிற ஆள். அதை மறந்துவிடுங்கள். நீங்கள் போகப்போவது பத்துப் பன்னிரண்டு மேசை போட்ட இடமாக இருக்கும். பெண்கள் இருப்பார்கள், குடும்பமாக வந்தவர்கள் இருப்பார்கள், மூலையில் ஒருவன் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்ப்பான். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஆளுயரத்துக்கும் மேலே எவர்சில்வர் தொட்டிகள் நிற்கும். இன்றைக்கு என்னென்ன பீர் என்று கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிப்போட்டிருப்பார்கள். பாட்டில் கிடையாது. தொட்டியிலிருந்து குழாய் வழியாக நேரே கிளாசுக்கு வரும்.

இப்படி அங்கேயே காய்ச்சி அங்கேயே விற்கிற இடத்துக்கு மைக்ரோபுருவரி என்று பெயர். நம் நாட்டுக்கு இது ரொம்பப் புதுசு. புனேயில் தூலாலி என்ற மைக்ரோபுருவரி 2009-ல் தொடங்கியது. பெங்களூரில் 2010-க்குப் பிறகு ஒன்றொன்றாக வந்தன. உங்கள் மகன் குடியிருக்கும் இந்திராநகரில் 100 அடி சாலையில் இருக்கும் டாய்ட் அந்த முதல் வரிசையில் ஒன்று. காய்ச்சும் தொட்டி இல்லாமல், வேறு இடத்தில் காய்ச்சியதைப் பீப்பாயில் கொண்டுவந்து ஊற்றுகிற சின்னக் கடைகளும் உண்டு. அதற்கு டேப்ரூம் என்பார்கள். குடிக்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான், பீப்பாய் புதுசாக இருக்கிற வரைக்கும்.

கிராஃப்ட் என்ற சொல்லைக் கேட்டு மிரள வேண்டாம். பஸ் ஸ்டாண்டில் டப்பாவில் அடைத்து அடுக்கியிருக்கிற அல்வாவும் அல்வாதான். ஆனால் சாயங்காலம் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடையில் வரிசையில் நின்று, சூடாக வாங்கி, அங்கேயே விரலால் வழித்து வாயில் போடுகிறோமே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசமோ அதுதான் இங்கேயும். கொஞ்சமாகச் செய்வது, செய்த இடத்திலேயே விற்பது, தீர்ந்தால் தீர்ந்தது. பாட்டில் பீரை மாதக்கணக்கில் கெடாமல் வைக்க வேண்டும் என்பதால் வடிகட்டி, சுமார் 60 டிகிரிச் சூட்டில் கொஞ்ச நேரம் வைத்து, அதிலிருக்கும் உயிரை எல்லாம் கொன்றுதான் அனுப்புகிறார்கள். மைக்ரோபுருவரியில் பெரும்பாலும் அந்த வேலை கிடையாது. அதனால்தான் பல பீர்கள் கலங்கலாக இருக்கும். கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள், அது ஈஸ்ட், சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றுகிற நுண்ணுயிர்.

சரி, கிளாசுக்குள் என்ன இருக்கிறது? நாலே பொருள்: தண்ணீர், முளைகட்டிய பார்லி, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ, ஈஸ்ட். ஜெர்மனியின் பவேரியாவில் 1516-ல் போட்ட சட்டத்தில் முதல் மூன்றுதான் சொல்லப்பட்டிருக்கிறது. ஈஸ்ட் என்ற ஒன்று இருப்பதே அப்போது தெரியாது. பார்லியை ஊறவைத்து, முளைவிட்டதும் காயவைத்து வறுப்பார்கள். சத்துமாவுக்குக் கேழ்வரகை முளைகட்டி வறுக்கிற வீட்டில் பிறந்தவருக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. அதை உடைத்து 65 டிகிரி அளவில் வெந்நீரில் ஒரு மணி நேரம் போட்டுவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகும். சாற்றை இறுத்து, ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து ஈஸ்டை விட்டால் மீதி வேலையை அது பார்த்துக்கொள்ளும். சக்கை மாட்டுத் தீவனத்துக்குப் போகும்.

இந்த நாலில் நான் நிறையப் பேச விரும்புவது தண்ணீரைப் பற்றி. நாம் தாமிரபரணிக்காரர்கள், தண்ணீரைப் பற்றிப் பேசாமல் எப்படி?

என் தாய்மாமாவை ஒரு தடவை இப்படி ஒரு பாருக்குக் கூட்டிப்போனேன். விக்கிரமசிங்கபுரத்துக்காரர், மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாகர்கோவில்–பெங்களூரு ரயிலில் காலையில் வந்து இறங்கினார், சாயங்காலம் கூட்டிப்போனேன். உட்கார்ந்ததும் பீர் எதையும் பார்க்கவில்லை. மேசையில் வைத்த தண்ணீரை எடுத்து ஒரு மடக்கு குடித்தார். குடித்துவிட்டு, "ஏல மருமவனே, இது என்னல தண்ணி இப்படிச் சப்புனு கெடக்கு? உசுரே இல்லையே" என்றார். ஆய்வுக்கூடத்தில் கருவி வைத்து நான் சொல்கிறதை நாக்கை வைத்து அவர் சொல்லிவிட்டார். அது ஆர்.ஓ. தண்ணீர். உப்பு, தாது எல்லாம் உருவி எடுக்கப்பட்டது.

அல்வா ருசிக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்று நாம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறோம். அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பெருமை என்கிற பஞ்சாயத்து வேண்டாம். பீரில் அது முழு உண்மை. பீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். செக் நாட்டில் பில்சன் என்ற ஊரின் தண்ணீர் மிக மென்மையானது, தாது ரொம்பக் குறைவு. அங்கே 1842-ல் யோசப் குரோல் என்ற பவேரியாக்காரர் காய்ச்சிய பொன்னிறப் பீர்தான் இன்றைக்கு உலகம் பூராவும் குடிக்கிற வெளிர் லாகருக்கெல்லாம் (குளிரில் மெதுவாகப் புளிக்கவிடுகிற பீருக்கு லாகர் என்று பெயர்) மூதாதை. இங்கிலாந்தின் பர்ட்டன் என்ற ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் ஜிப்சம் அதிகம். அது ஹாப்ஸின் கசப்பைக் கூர்மையாக எடுத்துக்காட்டும், அதனால் அந்த ஊர் பேல் ஏல் என்ற கசப்பு தூக்கலான பீருக்குப் பேர்பெற்றது. டப்ளின் தண்ணீரில் காரத்தன்மை கூடுதல். கருக வறுத்த தானியத்தின் புளிப்பு அந்தக் காரத்தைச் சமன்செய்யும். ஸ்டவுட் என்ற கறுப்பு பீர் அங்கே நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். அந்தந்த ஊர்த் தண்ணீருக்கு எது ஒத்துவந்ததோ அதைக் காய்ச்சினார்கள், வேதியியல் பிற்பாடு வந்து விளக்கம் சொன்னது.

பெங்களூரில் அந்தக் கொடுப்பினை இல்லை. காவிரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேட்டில் ஏற்றப்பட்டு வருகிறது. போதாததற்கு ஆழ்துளைக் கிணற்று நீரும் லாரித் தண்ணீரும். ஒரு லாரி போல் இன்னொரு லாரி இருக்காது. ஒவ்வொரு லோடு வரும்போதும் வால்வைத் திறக்கவிடாமல் முதலில் ஒரு குடுவை பிடித்துச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. பிறகு ஆர்.ஓ.வில் எல்லாவற்றையும் உருவிவிட்டு, பீருக்குத் தக்கபடி ஜிப்சமோ கால்சியம் குளோரைடோ நிறுத்துப் போடுவோம். அதாவது காலையில் பில்சன் தண்ணீர், மத்தியானம் பர்ட்டன் தண்ணீர். ஊரையே கிராம் கணக்கில் கரைத்துக்கொள்வது. பாபநாசத்தில் குளித்து வளர்ந்தவனுக்கு இது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருந்தது. அங்கே ஒரு தேய்ப்பில் சோப்பு நுரைத்துக்கொண்டு வரும். அதே சோப்பை திசையன்விளைப் பக்கத்து உப்புக் கிணற்றில் தேய்த்துப் பாருங்கள், கை வலிக்கும்.

இப்போது என்ன கேட்டு வாங்குவது என்பதற்கு வருகிறேன். போனதும் முழு கிளாஸ் எதையும் சொல்லாதீர்கள். சாம்ப்ளர் கேளுங்கள். ஒரு பலகையில் குழி தோண்டி நாலைந்து சின்னக் கிளாஸ் வைத்துக் கொண்டுவருவார்கள், ஒவ்வொன்றிலும் நம் டீ கிளாஸ் அளவுக்கோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். வெளிர் நிறத்தில் ஆரம்பித்துக் கறுப்பில் முடியுங்கள். கசப்பு அதிகமானதை முதலில் குடித்தால் அது நாக்கில் உட்கார்ந்துகொண்டு பின்னால் வருவதை எல்லாம் கெடுத்துவிடும். "முதல் தடவை வருகிறேன், எது எப்படி இருக்கும்?" என்று பரிமாறுகிற பையனிடம் கேட்பதில் ஒரு கூச்சமும் வேண்டாம். நல்ல கடையில் அந்தக் கேள்விக்காகவே காத்திருப்பார்கள். பலரும் ஒரு வாய் ருசி பார்க்கக் காசு வாங்காமல் ஊற்றியும் கொடுப்பார்கள்.

பெரும்பாலும் முதல் கிளாஸ் கோதுமை பீராக இருக்கும். ஜெர்மானிய வகைக்கு ஹெஃபவைசன் என்று பெயர், தானியத்தில் பாதிக்காவது கோதுமை. மாமா அதை மூக்கருகே கொண்டுபோனார், நிறுத்தினார், என்னைப் பார்த்தார். "வாழப்பழத்தப் பிசைஞ்சு போட்ருக்கானுவளா?" அண்ணாச்சி, உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும். வாழைப்பழமும் கிடையாது, அந்தக் கிராம்பு வாசத்துக்குக் கிராம்பும் கிடையாது. இரண்டையும் உண்டாக்குவது அந்த வகை ஈஸ்ட். வாழைப்பழத்தில் இருக்கிற அதே வாசனைப் பொருளை அதுவும் தயாரிக்கிறது. பெல்ஜியத்து விட் வகையில் ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் நிஜமாகவே போடுவார்கள். நம் அம்மா ரசத்துக்கு வறுக்கிற அதே மல்லிதான். எனக்குப் பிடித்தது இது. மாமா, "மல்லிய ரசத்துல போடாம இதுல எதுக்குப் போட்டான்?" என்று தள்ளிவைத்துவிட்டார்.

ஐ.பி.ஏ., அதாவது இந்தியா பேல் ஏல் என்று ஒன்று பலகையில் கட்டாயம் இருக்கும். இந்தியா பேர் இருக்கிறதே தவிர இந்தியச் சரக்கு அதில் ஒன்றும் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனிலிருந்து கும்பினிக் கப்பல்களில் ஆப்பிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கில் பயணப்பட்டு வந்த பீர் அது. ஹாப்ஸ் தூக்கலாகப் போட்டதால் கெடாமல் வந்து சேர்ந்தது. ஊமைத்துரை 1801-ல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய காலமும் ஏறக்குறைய அதுதான். உங்கள் ஊரில் வெள்ளைக்காரப் பட்டாளம் முகாம் போட்டிருந்த காலம் என்று நினைத்துக்கொண்டு குடியுங்கள். ஹாப்ஸ் ஒரு கொடியின் பூ. கசப்பும் வாசமும் தருவது அதுதான், போதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சுண்டைவற்றல் குழம்பும் வேப்பம்பூ ரசமும் சாப்பிடுகிற நமக்குக் கசப்பு ஒரு பயமா? பாட்டில் பீரின் கசப்பு உங்களுக்குப் பிடிக்காமல் போனதற்குக் காரணம், அந்தக் கசப்போடு வேறு எந்த வாசமும் வராததுதான் என்பது என் எண்ணம். ஐ.பி.ஏ.யில் எலுமிச்சைத் தோல், மாம்பழம், பைன் மரப் பிசின் என்று ஏதாவது ஒன்று கூடவே வரும்.

கடைசி கிளாஸ் ஸ்டவுட். கன்னங்கரேல் என்று இருக்கும். கருக வறுத்த பார்லி காப்பி மணம் தரும், சிலதில் கருப்பட்டியின் அடிவாசமும் வரும். கறுப்பாக இருப்பதால் போதை அதிகம் என்று நினைக்க வேண்டாம். பல ஸ்டவுட்டில் வெளிர் பீர் அளவுகூட இருக்காது.

புளிப்பு பீர் ஏதாவது பலகையில் இருந்தால் அதை விடாதீர்கள். ஏனென்றால் அந்த ருசியில் நாம்தான் மூத்தவர்கள். பனையில் கலயம் கட்டும்போது உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். காற்றிலும் கலயத்திலும் பாளையிலும் இருக்கிற ஈஸ்டே வேலையை ஆரம்பித்துவிடும், யாரும் கொண்டுவந்து போட வேண்டாம். பிரசல்ஸ் பக்கத்தில் லாம்பிக் என்ற பீரை இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள். கொதித்த சாற்றை அகலமான தொட்டியில் ராத்திரி முழுக்கத் திறந்துவைத்துக் காற்றிலிருந்து ஈஸ்டைப் பிடிப்பார்கள். குளிர்காலத்தில் மட்டும்தான் நடக்கும், நம் பதநீர் வெயில்காலத்தில் மட்டும் கிடைக்கிற மாதிரி. பெங்களூரில் என்னோடு வேலை பார்த்த பையன்கள் புளிப்பு பீர் என்றால் ஏதோ வெளிநாட்டு அதிசயம்போல் பேசுவார்கள். மாமா ஒரு மடக்கு குடித்துவிட்டு, "மத்தியானத்துக்கு மேல எறக்குன கள்ளுல இது" என்று முடித்துவிட்டார்.

ஊற்றும்போது நுரையைப் பார்த்து ஏமாற்றுகிறான் என்று சண்டை போடாதீர்கள். இரண்டு விரல் உயரம் நுரை வேண்டும், வாசம் அதில்தான் ஏறி வருகிறது. பாதி கிளாஸ் நுரை என்றால் தாராளமாகக் கேளுங்கள். இன்னொன்று, "கூலிங்கா குடுங்க" என்று கேட்கிற பழக்கம். பல்கூசுகிற குளிர்ச்சி நாக்கை மரக்கடித்துவிடும். லாகரைத் தவிர மற்ற வகைகள் கொஞ்சம் குளிர் இறங்கிய பிறகுதான் வாயைத் திறந்து பேசும். ஸ்டவுட்டைப் பத்து நிமிசம் சும்மா வைத்துவிட்டுக் குடித்துப் பாருங்கள்.

தலைவலிக் கதைக்கு ஒரு கணக்கு போதும். நம் கடைகளில் ஸ்ட்ராங் என்று விற்பது 8 சதவீதம் வரை போகும். 650 மில்லி பாட்டில் ஒன்றில் 52 மில்லி சுத்த ஆல்கஹால். மைக்ரோபுருவரியில் பெரும்பாலானவை 5 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 330 மில்லி கிளாஸ் ஒன்றில் பதினாறரை மில்லி. அதாவது அந்த ஒரு பாட்டில், இந்த மூன்று கிளாஸ். அதையும் வெறும் வயிற்றில், யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற அவசரத்தில், அரைமணி நேரத்தில் குடித்திருப்பீர்கள். தலை வலிக்காமல் என்ன செய்யும்? பீரில் கிளிசரின் கலக்கிறார்கள், அதனால்தான் வலி என்று ஒரு கதை உண்டு. பாட்டிலைத் தண்ணீர் டம்ளருக்குள் தலைகீழாகக் கவிழ்த்து, கீழே இறங்குகிற இழையைக் காட்டி "பாரு, கிளிசரின்" என்பார்கள். தண்ணீரைவிடக் கனமான பீர் கீழே இறங்குகிறது, அவ்வளவுதான். இழை இழையாக வெளியே போவது உங்கள் காசு. இங்கே ஒரு கிளாஸுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள், ஏதாவது சாப்பிட்டுக்கொண்டே இருங்கள், இரண்டு கிளாஸோடு எழுந்திருங்கள்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பீட்சா, வறுத்த கோழி, நிலக்கடலை மசாலா. நம் ஊர்க் காராச்சேவு இருந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும், ஆனால் வெளிச் சாப்பாடு அனுமதி இல்லை என்று எழுதிப்போட்டிருப்பார்கள். மாமா அதைப் படிக்காமல் சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து மேசையில் பிரித்துவிட்டார். பரிமாறுகிற பையன் வந்தான், பார்த்தான். மாமா அவன் கையிலும் ஒரு பிடி போட்டார். அதற்கப்புறம் அவன் என்ன செய்வான்?

விலை சில நூறு ரூபாய் ஒரு கிளாஸுக்கு, கடையைப் பொறுத்து. பில்லில் சாப்பாட்டுக்கு ஜி.எஸ்.டி. இருக்கும், மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. சர்வீஸ் சார்ஜ் என்று தானாகச் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். அதைக் கட்டாயமாக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. பில்லை மகன் எடுத்தால் எடுக்கட்டும், பிடித்து இழுக்காதீர்கள். காரில் போயிருந்தால் அவனையும் வண்டி ஓட்டவிடாதீர்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே குற்றம், முதல் தடவையே பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. இந்திராநகரில் மெட்ரோ இருக்கிறது, பிறகென்ன?

நம்ம ஊரில் ஏன் இல்லை என்றால், பதில் சுருக்கமானது. தமிழ்நாட்டில் மைக்ரோபுருவரிக்கு உரிமம் கொடுக்கிற ஏற்பாடு இல்லை. 1983-ல் மொத்த வியாபாரத்துக்கென்று தொடங்கிய டாஸ்மாக், 2003-ல் சில்லறை விற்பனையையும் தானே எடுத்துக்கொண்டது. ஓட்டல்களிலும் கிளப்புகளிலும் பார் வைக்கலாம். சொந்தமாகக் காய்ச்சி விற்க முடியாது. கள்ளுக்கு 1987-லிருந்து தடை. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவுக்குப் போனால் கேரளத்தில் கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. இங்கே பனைமரம் மட்டும் நிற்கிறது. கிராஃப்ட் பீர் பார் நெல்லைக்கு வர வேண்டும் என்று நான் கொடி பிடிக்க மாட்டேன். குடியால் உருக்குலைந்த வீடுகள் என் தெருவிலேயே நாலு உண்டு. ஆனால் காலையில் இறக்கிய பதநீரை ஒழுங்காகக் குளிர்வித்து, ஓலைப்பட்டையில் ஊற்றி, உட்கார்ந்து பேச நாலு பெஞ்சு போட்டு ஜங்ஷன் பக்கத்தில் யாராவது கடை வைத்தால் நான் தினம் போவேன்.

கடைசியாக ஒன்று. நல்ல கடையிலும் சில நாள் பீர் சரியிருக்காது, அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்திருந்தால் மகன் முன்னால் உங்கள் மதிப்பு ஒரு படி ஏறும். கிளாஸின் உள்பக்கம் குமிழ்கள் ஒட்டிக்கொண்டு நின்றால் கிளாஸை ஒழுங்காகக் கழுவவில்லை. ஈர அட்டைப்பெட்டி வாசம் வந்தால் பழசு. புளிப்பு வகை இல்லாததில் காடி வாசம் வந்தால் குழாய் அழுக்கு. அதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது கழுவ வேண்டும். வெண்ணெய் வாசம் வந்தால் அவசரப்பட்டிருக்கிறார்கள். ஈஸ்ட் நடுவில் அந்த வாசனையை உண்டாக்கும், இரண்டு மூன்று நாள் விட்டுவைத்தால் தானே அதைத் தின்று தீர்த்துவிடும். தொட்டி காலியாக வேண்டும் என்று பறந்தால் வாசம் பீரிலேயே தங்கிவிடும். இதற்கென்றே ஒரு சோதனை உண்டு. இரண்டு குப்பியில் பீரை எடுத்து, ஒன்றை வெந்நீரில் அரைமணி நேரம் வைத்து ஆறவிட்டு, இரண்டையும் மோந்து பார்ப்பது. சூடுபட்ட குப்பியில் வெண்ணெய் வந்தால் அன்றைக்குத் தொட்டியைத் திறக்கக் கூடாது. பதினோரு வருசம் என் மூக்கு சம்பாதித்தது இந்த வேலையில்தான்.

மாமாவோடு போன அன்று கடைசியாக ஒரு பொன்னிற லாகர் வந்தது. வாய் வரைக்கும்கூடக் கொண்டுபோகவில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பட்டமான வெண்ணெய். கடைக்காரரைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னேன். அவரும் மோந்து பார்த்து, முகம் சுருங்கி, இரண்டு கிளாஸையும் எடுக்கக் கை நீட்டினார். மாமா தன் கிளாஸைக் கையால் மூடிக்கொண்டார். "ஏல, இத எதுக்கு எடுக்கான்? இருக்கிறதுலயே இதாம்ல நல்லாருக்கு. நெய் மணக்கு, நம்ம அல்வா கணக்கா." சொட்டு விடாமல் குடித்து முடித்தார்.

போன வாரம் விக்கிரமசிங்கபுரத்தில் டீக்கடை பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். யாரிடமோ, "பெங்களூருல அல்வா மணக்குற பீரு ஒண்ணு குடுத்தாம் பாரு, அதுல்லா பீரு. வெலை கூடன சாமான் போல, கடைக்காரன் திருப்பி வாங்கப் பார்த்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தேன்.